ஜோசப் ஜெஃபர்சனின் சுயசரிதை: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதை நம்பலாம்

நடிகர்கள் எழுதும் சுயசரிதைகளில் பாதிக்கு மேல் யார் வீட்டில் விருந்து, யார் கையால் மாலை என்பதிலேயே தீர்ந்துவிடும். தொழிலைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று தேடினால் ஏமாற்றம்தான். அமெரிக்க மேடை நகைச்சுவை நடிகர் ஜோசப் ஜெஃபர்சன் எழுதி, நியூயார்க்கின் செஞ்சுரி கம்பெனி 1890ல் வெளியிட்ட சுயசரிதை இதற்கு விலக்கு. ஒரு சிரிப்பு எங்கே பிறக்கிறது, எதனால் செத்துப்போகிறது என்று தொழில்காரர் பாஷையில் சொல்லும் புத்தகம் இது. ஆனால் வாங்கும்போது பதிப்பில் கவனம் வேண்டும்; படிக்கும்போது தேதிகளில் கவனம் வேண்டும்.

ஆளை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1829ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், 1905ல் புளோரிடாவின் பாம் பீச்சில் இறந்தவர். தாத்தா, அப்பா, இவர் மூவருக்கும் ஒரே பெயர், ஒரே தொழில். நடுத்தர வயதிலிருந்து முதுமை வரை இவரைச் சோறு போட்டுக் காப்பாற்றியது ஒரே வேடம்: ரிப் வான் விங்கிள். கேட்ஸ்கில் மலையில் பேய் மாலுமிகளோடு சேர்ந்து குடித்துவிட்டு இருபது ஆண்டு தூங்கிப்போகும் கிராமத்துக் குடிகாரன். அந்த வேடத்தில் ரிப், இனிக் குடிப்பதில்லை என்ற சத்தியத்தை ஒவ்வொரு முறை மீறும்போதும் ‘இதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்’ என்பான். தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் தன் உளவியல் நூலில் பழக்கம் என்ற அத்தியாயத்தில் இந்த வசனத்தை எடுத்தாண்டிருக்கிறார். அந்த நூல் வந்ததும் இதே 1890ல்தான். ஒரு காமெடி வசனத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது பதிப்புகள். இந்த எழுத்து முதலில் செஞ்சுரி மாத இதழில் 1889 நவம்பரிலிருந்து தொடராக வந்தது. பிறகு சுமார் 500 பக்கப் புத்தகமாயிற்று. செஞ்சுரி இதழின் பலமே மரச்செதுக்குப் படங்கள். நடிகர்களின் உருவப்படங்கள், வேடப் படங்கள் என்று புத்தகம் முழுக்க இருக்கின்றன; அவை வெறும் அலங்காரம் அல்ல. ஒரு நடிகர் தொப்பியை எந்தக் கோணத்தில் வைத்தார், ஒட்டுத்தாடி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எழுத்தில் வராது, படத்தில்தான் தெரியும். எனவே படம் கெட்டுப்போன பிரதி பாதிப் புத்தகம்தான்.

பழைய 1890 பிரதி கிடைத்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, அட்டையும் தாள்களும் சேரும் கீல். கனமான தாள், தடித்த புத்தகம்; பாரமெல்லாம் அந்த ஒரு மடிப்பில்தான் விழும், அங்கேதான் முதலில் விட்டுப்போகும். விற்பவரிடம் அட்டையைத் திறந்து வைத்து உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதுகுப்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் சந்தேகப்படலாம். இரண்டாவது, படங்களின் எண்ணிக்கை. நடிகர்களின் உருவப்படங்களைப் புத்தகங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தொகுப்பில் ஒட்டிக்கொள்வது அந்தக் காலத்து ரசிகர்களின் பொழுதுபோக்கு. முன்பக்கத்துப் படப் பட்டியலோடு ஒப்பிடாமல் ‘முழுப் பிரதி’ என்ற வார்த்தையை நம்பக் கூடாது. மூன்றாவது, தபால் செலவு. கடல் கடந்து வரும் கனமான புத்தகத்துக்கு, தபால் கட்டணமே புத்தக விலையைத் தாண்டுவது சாதாரணம். இரண்டையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

காப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவச ஸ்கேன்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் தரம் ஒன்றல்ல. தூய கறுப்பு வெள்ளையாக எடுத்த ஸ்கேனில் மரச்செதுக்கின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் மைக்கறையாகிவிடும். தாளின் பழுப்பு நிறம் அப்படியே தெரியும் வண்ண ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் சாம்பல் நிழல்கள் பிழைத்திருக்கும். ஐந்தாறு உருவப்படப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

தவிர்க்க வேண்டியது, ஆர்டர் வந்தபின் அச்சடித்துத் தரும் மறுபதிப்புகள். இவற்றில் இரண்டு ரகம். ஒரு ரகம் மேலே சொன்ன மோசமான ஸ்கேனை அப்படியே அச்சடிப்பது: சாய்ந்த பக்கம், ஓரம் வெட்டுப்பட்ட வரி, சில சமயம் ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல் கூட. இன்னொரு ரகம் இன்னும் மோசம். கணினியால் எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பிழை திருத்தாமல், படங்களை விட்டுவிட்டு அடிப்பது. ரிப்பின் வசனங்கள் டச்சுக்காரர் பேசும் உடைந்த ஆங்கிலத்தில் இருப்பவை. வேண்டுமென்றே தப்பாக எழுதிய சொல் எது, கணினி தப்பாகப் படித்த சொல் எது என்று வாசகருக்குப் பிரித்துப் பார்க்கவே முடியாது. விற்பனைப் பக்கத்தில் பக்க எண்ணிக்கை 500க்கு வெகுதூரம் கீழே இருந்து, அட்டையில் சம்பந்தமில்லாத இயற்கைக் காட்சி இருந்தால் இந்த ரகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் இரண்டு நல்ல பதிப்புகள் வந்தன. 1949ல் லண்டனில் வெளியானதற்கு எலினர் ஃபார்ஜன் முன்னுரை எழுதினார். குழந்தைகளுக்காக எழுதிப் புகழ்பெற்ற அதே ஃபார்ஜன்தான். ஜெஃபர்சனின் மகள் வயிற்றுப் பேத்தி. குடும்பத்து ஆள் எழுதிய முன்னுரை என்ற சுவை அதற்கு உண்டு. 1964ல் ஹார்வர்டின் பெல்நாப் அச்சகத்துக்காக ஆலன் டவுனர் பதிப்பித்தது மாணவர்களுக்குத் தோதானது. புழக்கத்துக்கு இது, படத்துக்கு 1890ன் வண்ண ஸ்கேன் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் சிக்கனமான வழி.

உள்ளே போவோம். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரிப் வேடம் உருவான பகுதியில் தொடங்கி, கடைசியில் வரும் நடிப்புக் கலைச் சிந்தனைகளைப் படித்துவிட்டு, அதன்பின் இளமைக்காலத்துக்குத் திரும்புவது நல்லது. இளமைப் பகுதி ஊர் ஊராக நகர்கிறது. ஆளின் அருமை தெரிந்தபின் படித்தால்தான் அந்த நாடோடி வாழ்க்கை ருசிக்கும்.

ரிப் பகுதியில் ஜெஃபர்சன் சொல்வது இது. 1859 கோடையில் பென்சில்வேனியாவின் பாரடைஸ் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். மழை நாள். களஞ்சியத்தின் பரணில் வைக்கோல்மேல் படுத்துக்கொண்டு எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய நூலைப் படிக்கிறார். அதில் இர்விங், ஜெஃபர்சனை மேடையில் பார்த்ததாகவும், அது ஜெஃபர்சனின் அப்பாவை நினைவுபடுத்தியதாகவும் எழுதியிருப்பதைக் கண்டு துள்ளுகிறார். இர்விங் என்றதும் அவர் எழுதிய ரிப் கதை ஞாபகம் வர, வேடம் பிறக்கிறது. எவ்வளவு அழகான காட்சி! ஒரே சிக்கல்: இர்விங்கின் அண்ணன் மகன் தொகுத்த அந்த நான்கு தொகுதி நூல் வெளிவரத் தொடங்கியதே 1862ல்தான். 1859ல் அதைப் படித்திருக்க வழியே இல்லை. ஜெஃபர்சன் பொய் சொல்கிறார் என்று பொருள் அல்ல. இரண்டு வெவ்வேறு கால நினைவுகள் முப்பது ஆண்டில் ஒன்றாகிவிட்டன. அதுவும் நாடகக்காரரின் மனதில், நல்ல காட்சியாகவே ஒன்றாகியிருக்கின்றன. இந்த நூலில் ஆண்டு, வரிசை எது வந்தாலும் வேறோர் இடத்தில் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் நாடகக் குழுவின்மேல் ஊர்க்காரர்கள் பெரிய வரி போட்டபோது இளம் வக்கீல் ஆபிரகாம் லிங்கன் கட்டணமே வாங்காமல் வாதாடி நீக்கிக்கொடுத்தார் என்ற கதையையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அப்போது ஜெஃபர்சனுக்கு வயது பத்து.

அதே பகுதியில் தொழில்நுட்பம் வரும் இடங்கள் வேறு தரம். அங்கே அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இர்விங்கின் கதையில் ரிப் பேசுவது பத்து வரிகூட இல்லை என்பதைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் வடிந்துபோகிறது. ஏற்கெனவே மேடையேறிய பழைய நாடக வடிவங்கள் இருந்தன; அவருடைய அண்ணன் முறை சார்லஸ் பர்க்கும் அந்த வேடத்தில் நடித்தவர். தாய் ஒருத்தி, தந்தை வேறு. ‘போனபின் இவ்வளவு சீக்கிரமா நம்மை மறந்துவிடுகிறார்கள்?’ என்ற ரிப்பின் கேள்வியை பர்க் எப்படிச் சொன்னார் என்பதை ஜெஃபர்சன் விவரிக்கும் இடம் நூலின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. கண்ணீரும் சிரிப்பும் ஒரே மூச்சில் வர வேண்டிய வசனம் அது. அதை அண்ணனிடமிருந்துதான் பெற்றேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்.

அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு மலைக்காட்சியில் இருக்கிறது. பழைய வடிவங்களில் பேய்க் கப்பல் தலைவன் ஹென்ட்ரிக் ஹட்சனும் அவனுடைய பேய் மாலுமிகளும் பேசுவார்கள். ஜெஃபர்சன் அவர்கள் வாயை அடைத்துவிட்டார். ரிப் ஒருவனே பேசுவான்; பேய்கள் தலையை மட்டும் ஆட்டும். இதனால் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பேய் பேசினால் அது வேடம் போட்ட இன்னொரு நடிகர்தான். பேசாவிட்டால், அடுத்து என்ன செய்யுமோ என்ற பயம் பார்வையாளரிடம் தங்கும். இன்னொரு பக்கம், பதில் கிடைக்காதவன் தானே பேசிக்கொண்டே போவான். கேள்வியும் அவனே, பதிலும் அவனே. அந்தக் காட்சியில் சிரிப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. பயத்தையும் சிரிப்பையும் ஒரே ஏற்பாட்டில் கொண்டுவந்த வித்தை.

நாய் விஷயமும் அப்படித்தான். ரிப்பின் நாய் ஷ்னைடர் நாடகம் நெடுகப் பேச்சில் வரும், மேடைக்கு வராது. நிஜ நாயைக் கொண்டுவரலாமே என்றவர்களுக்கு ஜெஃபர்சனின் பதில்: அது தப்பான இடத்தில் வாலை ஆட்டும். அவ்வளவுதான். நிஜத்தை மேடையில் கொட்டுவது வேறு, நிஜம்போல் தோன்றவைப்பது வேறு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாலைப் பார்க்கலாம்.

1859ல் வாஷிங்டனின் கருசி மண்டபத்தில் போட்ட முதல் முயற்சி அவருக்கே திருப்தி தரவில்லை. வேடம் சரி, நாடகம் அதைத் தாங்கவில்லை. முதல் மனைவி இறந்தபின் 1861ல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டு நான்கு ஆண்டு அங்கே நடித்துவிட்டு லண்டன் வந்தார். அங்கே நாடகாசிரியர் டயோன் பூசிகால்ட் நாடகத்தை மாற்றி எழுதிக்கொடுத்தார். 1865 செப்டம்பர் 4 அன்று அடெல்ஃபி தியேட்டரில் தொடங்கி 170 இரவு ஓடியது. அரங்கேற்றத்துக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, தங்கியிருந்த அறையில் புது விக்கும் தாடியும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் தனியாக நடித்துப் பார்க்கிறார். ஜன்னல் திரை திறந்தே கிடப்பது தெரியாது. கீழே தெருவில் கூட்டம் சேர்ந்து, போலீஸ் வந்து வழி ஒதுக்கும் வரை போயிருக்கிறது. சொல்லும் விதத்தில் தன்னையே கேலி செய்துகொள்ளும் நிதானம் இருக்கிறது. நூல் முழுக்க அவருடைய நகைச்சுவை இந்தத் தாளத்தில்தான் நடக்கிறது, கத்திச் சிரிக்க வைப்பதில்லை.

ஆஸ்திரேலியப் பகுதியை யாரும் தாண்டிவிட வேண்டாம். ஹோபார்ட்டில், நிபந்தனை விடுதலை பெற்ற கைதியைக் கதாநாயகனாகக் கொண்ட நாடகத்தைப் போடுகிறார். பார்க்க வந்திருப்பவர்களில் பலர் நிஜமாகவே அப்படி விடுதலையானவர்கள். அந்த அரங்கின் முகங்களை அவர் கவனித்து எழுதியிருப்பது ஒரு நாடக நடிகரின் கண். மெல்போர்னில் சீன நாடகம் பார்த்த குறிப்பும் நல்ல பொருள் உள்ளது. மெக்சிகோ போர்க் காலத்தில், 1846ல், அமெரிக்கப் படைக்குப் பின்னாலேயே மாடமோரஸ் போய், குழு கைவிட்டதும் மதுக்கடை ஓரத்தில் காபியும் கேக்கும் விற்ற கதை சுவாரசியம்தான், கொஞ்சம் நீட்டிவிட்டார்.

சக நடிகர்களைப் பற்றிய சித்திரங்கள் ஏற்ற இறக்கமாக இருக்கின்றன. 1858ல் நியூயார்க்கில் லாரா கீன் அரங்கில் ‘நம் அமெரிக்க மச்சான்’ (Our American Cousin) என்ற நாடகம். ஜெஃபர்சன் நாயகன், சதர்ன் என்ற நடிகருக்குச் சில வரிகள் மட்டுமே உள்ள டண்ட்ரியரி பிரபு வேடம். சதர்ன் முறைத்துக்கொண்டே ஏற்று, தும்மலும் திக்கலும் குதியும் சேர்த்துச் சேர்த்து அந்தப் பொடி வேடத்தை நாடகத்தையே விழுங்க வைத்தார். தன் பக்கத்தில் ஒருவர் வளர்ந்து தன்னை மறைத்ததைப் பொறாமையின்றி எழுதியிருக்கிறார். இதற்கு மாறாக, சிலரைப் பற்றி நல்லது மட்டுமே எழுதிவிட்டு நகர்கிறார். அது இறந்தவர்களுக்கான மரியாதையாக இருக்கலாம், வாசகருக்கு நஷ்டம்.

1880ல் பழைய நாடகாசிரியர் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தை எடுத்து, ஜூலியா பாத்திரத்தையே நீக்கி, ஐந்து அங்கத்தை மூன்றாகச் சுருக்கினார். பாப் ஏக்கர்ஸ் என்ற கோழை வேடம் இவருக்கு, மிஸஸ் மாலப்ராப் வேடம் ஜான் ட்ரூ அம்மையாருக்கு. ஷெரிடன்மேல் கைவைத்ததற்கு நிறையத் திட்டு வாங்கினார். தற்காப்பாக அவர் தரும் வாதம் எல்லோருக்கும் ஏற்புடையதாக இருக்காது. ஆனால் நாடகத்தை எங்கே வெட்டினால் எங்கே ரத்தம் வரும் என்று தெரிந்தவரின் வாதம் அது.

கடைசியில் வரும் நடிப்புச் சிந்தனைகள்தான் புத்தகத்தின் விலை. நடிகர் உணர்ச்சியில் மூழ்க வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா என்று அந்தக் காலத்தில் பிரெஞ்சு நடிகர் கோக்லானும் ஆங்கிலேய நடிகர் ஹென்றி இர்விங்கும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஜெஃபர்சன் இரண்டு வரியில் முடிக்கிறார்: நெஞ்சு சூடாகவும் தலை குளிர்ச்சியாகவும் இருக்கும்போதுதான் தனக்கு நடிப்பு நன்றாக வருகிறது என்று. அதைவிடப் பயனுள்ளது, நூறாவது முறையும் அதே வசனத்தைச் சொல்வது பற்றிய பகுதி. மக்ரெடி என்ற பெரிய நடிகருக்கு ஒரு நாடகத்தில் வழக்கமாக வரும் வரவேற்பு வராமல் போகிறது. கூட நடித்த வார்னர் அம்மையார் காரணத்தைச் சொல்கிறார்: கேள்வியைக் கேட்கும் முன்பே உங்களுக்குப் பதில் தெரிந்துவிடுகிறது. அதாவது, யோசிக்கிற அந்தக் கணம் காணாமல் போய்விட்டது. வசனம் மட்டும் மிச்சம். எதிராளி பேசுவதை முதன்முறையாகக் கேட்பதுபோல் கேட்பதுதான் மருந்து என்கிறார் ஜெஃபர்சன். மேடை ஏறுகிற எவரும் இந்தச் சில பக்கங்களைத் தனியே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குறைகள். நான்கு வயதில், டி. டி. ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய ஜிம் க்ரோ ஆட்டத்தில், இவருக்கும் கரி பூசிச் சாக்கிலிருந்து மேடையில் கொட்டினார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்திய அந்த ஆட்டத்தை எந்த உறுத்தலும் இல்லாமல் இனிய நினைவாக எழுதுகிறார். உள்நாட்டுப் போர் என்ற பேரிடி நூலில் கிட்டத்தட்ட விழவே இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் கடலுக்கு அந்தப்பக்கம். மனைவியர், பிள்ளைகள் பற்றித் திரை இழுத்துவிடுகிறார். 1890ல் முடிவதால், நடிகர் எட்வின் பூத்துக்குப் பின் 1893ல் பிளேயர்ஸ் என்ற நடிகர் சங்கத்தின் தலைவரானது, 1896ல் நட்சத்திரப் பட்டாளத்தோடு ‘தி ரைவல்ஸ்’ சுற்றுப்பயணம், 1904ல் மேடையை விட்டது எதுவும் இதில் கிடையாது. இந்த இடைவெளிகளுக்கும் தேதிகளுக்கும் பெஞ்சமின் மக்ஆர்தர் 2007ல் எழுதிய வாழ்க்கை வரலாறு, யேல் வெளியீடு, பக்கத்தில் இருந்தால் போதும். ரிப் நாடகத்தின் ஜெஃபர்சன் வடிவம் 1895ல் தனிப் புத்தகமாக அச்சானது. அதன் ஸ்கேனையும் இறக்கி வைத்துக்கொண்டால் சுயசரிதையில் அவர் சுட்டும் காட்சிகளை வசனத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

இன்னொன்று இலவசம். 1896ல் மாசசூசெட்ஸின் பஸார்ட்ஸ் பே பகுதியில், திறந்த வெளியில், டபிள்யூ. கே. எல். டிக்சன் அவரை ரிப் வேடத்தில் எட்டுத் துண்டுகளாகப் படம் எடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். மௌனப் படம் என்பதால் வசனம் போய்விட்டது, ஆனால் எடுத்தவை பெரும்பாலும் மலைக்காட்சிகள். ரிப் பகுதியைப் படித்து முடித்த கையோடு பாருங்கள். முதல் பார்வையில் ரிப்பை விட்டுவிட்டு, பேசாத பேய்களை மட்டும் கவனியுங்கள்.